பச்சைக் கறை

அவள் வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே இருந்த புல்தரை அகலத்தில் ஒன்பது தப்படி, நீளத்தில் பதினாறு. அவ்வளவுதான். ஆனால் அதன் மேல் ஒரு காக்கை உட்கார வேண்டுமென்றாலும் அவள் அப்பாவிடம் அனுமதி வாங்கித்தான் உட்கார வேண்டும். தபால்காரர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போவார். பக்கத்து வீட்டுப் பூனைகூட மதில் மேலேயே நடந்து பழகிவிட்டது. அவள் வீட்டுக்காரர், பாவம், டாக்சி ஓட்டி அலுத்து வந்த ஒருநாள் ஷூ காலோடு குறுக்கே நடந்துவிட்டார். மூன்று நாள் மாமனார் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"நடக்கக் கூடாதுன்னா அப்புறம் எதுக்கு மாமா புல்லு?"

"யாரு நடக்கக் கூடாதுன்னா? ஷூவைக் கழட்டிட்டு நடங்க மாப்பிள்ளை. வெறுங்காலை வச்சா புல்லே சொல்லும், அது நல்லா இருக்கா இல்லையான்னு."

"என்கிட்ட டயர்தான் மாமா பேசும். புல்லெல்லாம் பேசாது."

அப்பாவின் இந்தக் கெடுபிடி சும்மா வந்ததில்லை. ஊர்க் கால்பந்து மைதானத்தின் புல்லை முப்பத்தோரு வருஷம் கண்ணும் கருத்துமாக வளர்த்தவர். மழை பெய்தால் நாமெல்லாம் குடை தேடுவோம். அவர் மைதானத்துக்கு ஓடுவார். பெண் பார்க்க வந்தவர்களை உட்கார வைத்துவிட்டு, "இப்ப வந்துடறேன்" என்று புல்லுக்குத் தண்ணீர் திருப்பப் போன மனுஷர். அப்படிப்பட்டவரை நாலு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நடந்தது இதுதான். ஒரு ஆட்டத்தில் கோடி மூலையில் புல் பாய் மாதிரி உரிந்து வந்தது. ஓடி வந்த ஏழாம் நம்பர் ஆட்டக்காரனின் கால் அதில் சறுக்கி முழங்கால் திருகிக்கொண்டது. இருபத்திரண்டு வயசுப் பையன். அதற்கப்புறம் அவன் ஆடவேயில்லை. மைதானத்தின் நாலு மூலையிலும்தான் தண்ணீர்க் குழாய்கள் இருந்தன. அந்த நாலு மூலையிலும்தான் புல் உரிந்தது. பிறகு என்ன, குழாயைக் கசிய விட்டு வேரை அழுக வைத்தார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். காகிதத்தில் இருந்த வார்த்தை 'கவனக்குறைவு'. அதை அவர் நாலாக மடித்துச் சவரப் பெட்டிக்குள் வைத்தார். தினமும் காலையில் முகம் மழிக்கும்போது அது கண்ணில் படும்.

அவள் அதைவிட மோசமான காரியம் ஒன்று செய்திருந்தாள். யாருக்கும் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவை நிலையத்தில். பத்தொன்பது வருஷ அனுபவம். காபியா, ரத்தமா, மையா, கிரீஸா, துணியை வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். அதனால் அங்கே அவளுக்குப் பெயரே 'கறை டாக்டர்'. மைதானத்து ஆட்டக்காரர்களின் சட்டைகளும் கால்சட்டைகளும் அங்கேதான் மூட்டை மூட்டையாக வரும். அப்பாவை அனுப்பிய வாரம், இஸ்திரி போடும் அக்கா ஒரு கால்சட்டையை உதறிக்கொண்டே சொன்னாள்: "ஒரு சோம்பேறிக் கிழவன் புல்லைக் கெடுத்து ஒரு பையன் காலை ஒடிச்சுட்டான் பாரு. நல்லா இருப்பானா அவன்?"

அவளுக்குத் தொண்டை வரை வந்தது. 'அது எங்கப்பா அக்கா' என்று சொல்ல எத்தனை நேரமாகும்? சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு காலரில் சோப்பு தேய்த்தாள். அன்றிலிருந்து மைதானத்து மூட்டை வந்தால் பார்த்தும் பாராமல் மெஷினில் தள்ளிவிடுவாள். தன்னையே அவளுக்குப் பிடிக்காமல் போன நாள் அது.

அப்பா வீட்டுக்கு வரும்போது ஒரு சாக்குப் பையில் மைதானத்துப் புல்லின் வேர்த்துண்டுகளைக் கொண்டு வந்திருந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்தப் புல்தரை. மூன்றே வருஷத்தில் கம்பளம் விரித்தாற்போல் ஆகிவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தி மயங்கும் நேரத்தில் அப்பா தண்ணீர் விடத் தடுமாறுகிறாரே என்று, போன வருஷம் பளீரென்ற வெள்ளை ஃபோகஸ் லைட் ஒன்று வாங்கி வாசல் தூணில் மாட்டினாள். ஆறு மணிக்குத் தானே எரியும், விடிந்தால் தானே அணையும். புல் மரகதம் மாதிரி மின்னியது. "பொண்ணு வாங்கிக் கொடுத்தது" என்று அப்பா போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

இந்த வருஷம் சனியன் பிடித்தது.

முதலில் தூணடியில் விரல் கனத்துக்கு மண் மேடு கட்டி, கோணல் மாணலாகக் கோடு கோடாக ஓடியது. பிறகு அங்கங்கே சின்னத் துளைகள். கால் வைத்தால் ஈர ஸ்பாஞ்சு போல அமுங்கியது. புல் பழுத்து வைக்கோல் நிறமானது. எலியாக இருக்கும் என்று அப்பா பொறி வைத்தார். மூன்று நாளும் பொறி வைத்தது வைத்தபடி. பட்டப்பகலில் மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தார். வேரை அறுக்கிற வெள்ளைப் புழு ஒன்றுகூட இல்லை. தண்ணீரைக் குறைத்தார். பழுப்பு இன்னும் அதிகமானது. ஒருநாள் காலையில் குனிந்து ஒரு கைப்பிடி புல்லைப் பிடித்து லேசாக இழுத்தார். பாய் சுருட்டுகிற மாதிரி உரிந்து கையோடு வந்தது.

அதைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"அதே மாதிரி," என்றார். "அங்க எப்படியோ இங்கயும் அப்படியே. அவங்க சொன்னது சரிதாம்மா. என் கைதான் சரியில்ல. அந்தப் பையன் காலை நான்தான் எடுத்திருக்கேன்."

"என்னப்பா பேசறீங்க நீங்க? புல்லுக்கு ஏதோ நோவு, அவ்வளவுதான்."

"முப்பத்தோரு வருஷம் தெரியாத நோவா?"

அன்று மாலையே கொத்தனாருக்கு போன் போட்டுவிட்டார். வியாழக்கிழமை வந்து முழுக்க சிமெண்ட் பூசிவிட வேண்டுமாம். வீட்டில் யார் சொல்லியும் கேட்கவில்லை. சாப்பாடு பாதியாகக் குறைந்தது. சிமெண்ட் விழுந்தால் அதன் கீழே போகப் போவது புல் மட்டுமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் வீட்டுக்காரர் டாக்சியைக் கழுவிக்கொண்டிருந்தார். சோப்புத் தண்ணீர் புல் பக்கம் வரவே கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதனால் தெரு ஓரமாக நிறுத்தித்தான் கழுவுவார். எப்படியும் சிமெண்ட் ஆகப்போகிற இடம்தானே என்ற தைரியமோ என்னவோ, அன்றைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்தியிருந்தார். பின் சக்கரத்தைத் தேய்க்கத் திரும்பியவர் வாளியை இடறிவிட்டார். நுரையோடு ஒரு வாளித் தண்ணீரும் தூணடிப் புல்லில் கவிழ்ந்தது.

"யோவ்!"

மருமகனை யோவ் என்று கூப்பிட்டது அந்த வீட்டுச் சரித்திரத்தில் முதல் தடவை. அப்பா வாசலிலிருந்து பனியனோடு பாய்ந்து வந்தார். "கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? சாகப் போறதுதானேன்னு கொல்றீங்களா?"

"மாமா, தெரியாம... கால் பட்டுடுச்சு மாமா..."

"ஹோஸைத் திறம்மா! நல்ல தண்ணியை அடி! சோப்பு இறங்கினா வேர் வெந்துடும்!"

அவள் குழாயைத் திறந்துவிட்டு ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா. அங்க பாருங்க. ஏதோ நெளியுது."

நுரைக்கு நடுவே மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு தலை வந்தது. பிறகு உடம்பு. விரல் நீளம், பழுப்பு நிறம், முன்னங்கால் இரண்டும் மண்வெட்டி மாதிரி பட்டையாக. அது வெளியே வந்து தள்ளாடி நடப்பதற்குள் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இரண்டு. அப்புறம் எண்ண முடியாமல்.

அப்பா மண்டியிட்டார். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினார். மூடிய விரல்களை அது உள்ளிருந்து நெம்பித் திறந்தது. அந்த பலத்தைப் பார்த்து அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

"புள்ளப்பூச்சி," என்றார்.

"அட, புள்ளப்பூச்சியா?" மருமகன் எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியாத அப்பாவின்னு ஊரே இதைத்தானே சொல்லும்? இதா மாமா இத்தனை வேலை பார்த்திருக்கு?"

"எங்கயாவது ஒண்ணு ரெண்டு பார்த்திருக்கேன் மாப்பிள்ளை. இப்படி கூட்டமா நான் பார்த்ததே இல்ல. பகல்ல ஆழத்துக்குப் போயிடுது போல. அதான் நான் தோண்டினப்ப கிடைக்கல. ராத்திரி மேல வந்து வேரை அறுத்துக்கிட்டே சுரங்கம் போட்டிருக்கு."

அவ்வளவுதான், மனுஷருக்குப் பழைய உயிர் திரும்பி வந்துவிட்டது. மைதானத்தில் செய்வது போலவே ஆப்பு அடித்து, நூல் கட்டி, புல்தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். வாளித் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் சோப்பு. ஒரு கட்டத்துக்கு ஒரு வாளி. ஐந்து நிமிஷம் காத்திருந்து, வந்ததைப் பொறுக்கி டப்பாவில் போட்டு, எண்ணிக்கையைச் சுவரில் கரியால் எழுதி, பிறகு நல்ல தண்ணீர் அடித்து நுரையைக் கழுவிவிட வேண்டும். வாளி தூக்கும் வேலை மருமகனுக்கு. "இடறத் தெரியுதில்ல, தூக்குங்க," என்றார் மாமனார்.

பத்து மணிக்குள் முடிந்தது. மூன்று பேரும் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். தூணடியில் பதினேழு. அடுத்ததில் பதினான்கு. தள்ளிப் போகப் போக ஒன்பது, நாலு, இரண்டு. வீட்டு நிழல் விழும் கோடிக் கட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

அவள் மெதுவாகத் தலையைத் தூக்கித் தூணைப் பார்த்தாள். தூணில் லைட் இருந்தது.

"அப்பா, இது பறக்குமா?"

அப்பா ஒரு பூச்சியின் முதுகை விரலால் விலக்கிக் காட்டினார். மடித்து வைத்த சிறகு.

"அப்போ நான் மாட்டின லைட்டைப் பார்த்துத்தான் வந்திருக்கு," என்றாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் ஆசையா வாங்கிக் கொடுத்தது. நானேதான்ப்பா கெடுத்திருக்கேன்."

அப்பா அவள் சொன்னதைக் காதில் வாங்கவேயில்லை. லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"மைதானத்துல ராத்திரி ஆட்டத்துக்கு லைட் கம்பம் நட்டது எப்பம்மா?"

"நீங்க வெளிய வர்றதுக்கு முந்தின வருஷம்."

"எங்க நட்டாங்க?"

அவர் கேட்டது பதிலுக்காக இல்லை. நாலு கம்பம். நாலு மூலை. குழாய் பக்கத்திலேயே கம்பமும். எல்லோரும் கீழே குழாயைப் பார்த்தார்கள். தலையைத் தூக்கி யாரும் பார்க்கவில்லை. அவரும்தான் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவள் மண்டையில் சுரீர் என்று உறைத்தது. பத்தொன்பது வருஷமாகக் கறை பார்க்கிறவள்! நல்ல வேர் பிடித்த புல்லில் ஆட்டக்காரன் சறுக்கினால் துணியில் பச்சை ஏறும். புல் உரிந்தால் மண்தான் ஏறும். லைட் நடுவதற்கு முன்னால் வந்ததெல்லாம் பச்சைக் கறை. நட்ட பிறகு மண் கறை. அப்பா போன பிறகு?

"அப்பா," என்றாள். "நீங்க வந்து நாலு வருஷம் ஆச்சு. ரெண்டு ஆளு மாத்திட்டாங்க உங்க இடத்துல. போன வாரம் வந்த மூட்டையிலயும் மண் கறைதான். முட்டி பூரா கருப்பு மண்ணு. நான் கண்ணால பார்த்தேன். பார்த்தும் யோசிக்காம மெஷின்ல போட்டேன். நீங்க இல்லாமயே அங்க புல் உரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு!"

அப்பா நூல் கட்டிய ஆப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். மருமகன் ஓடிப் போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். குடித்துவிட்டு அப்பா சொன்ன முதல் வார்த்தை: "கொத்தனாரை வர வேண்டாம்னு சொல்லிடுங்க மாப்பிள்ளை."

மைதானத்து மேனேஜரைப் பிடிப்பது லேசாக இல்லை. மூன்று நாள் அவள் போன் பண்ணினாள். "பழைய விஷயத்தை எதுக்கும்மா கிளறணும்?" என்றார். "கிளற வேணாம் சார். ஒரு வாளித் தண்ணி ஊத்தணும். பத்து நிமிஷம்," என்றாள். மூன்றாம் முறை மாற்றிப் போட்ட புல்லும் உரிந்து போய், அடுத்த ஆட்டத்தை எங்கே வைப்பது என்று முழித்துக்கொண்டிருந்த ஆள். கடைசியில் வரச் சொன்னார்.

சனிக்கிழமை விடியற்காலை மூன்று பேரும் டாக்சியில் போனார்கள். அப்பா சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, மடியில் தன் வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் அவர் பக்கத்தில் அவள் சோப்புப் பாட்டிலோடு. வழியில் யாரும் பேசவில்லை. வாய் ஓயாத டிரைவரே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடி மூலையில், லைட் கம்பத்தின் காலடியில், அப்பா செருப்பைக் கழற்றினார். வெறுங்காலை வைத்து அமுக்கிப் பார்த்தார். பிறகு குழாயைத் திறந்து வாளியை நிரப்பி, இரண்டு ஸ்பூன் சோப்பை அளந்து கலக்கி, சீராக ஊற்றினார். மேனேஜர் கைகட்டி நின்றார். தூரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

ஒரு நிமிஷம். ஒன்றுமில்லை. இரண்டு நிமிஷம். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் 'வாங்க, வந்து தொலைங்க' என்று பூச்சியைப் போய்க் கெஞ்சினாள்.

"பொறுங்க," என்றார் அப்பா. "இங்க மண்ணு கெட்டி. நானே உருட்டினது. மேல வர நேரம் ஆகும்."

நாலாவது நிமிஷம் முதல் தலை எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு எண்ணிக்கை அவர்கள் கையில் இல்லை. மேனேஜர் இரண்டடி பின்னால் போனார். இன்னொரு மூலையிலும் ஊற்றினார்கள். அங்கேயும் அதே கதை. மைதானத்தின் நடுவில் ஊற்றினார்கள். அங்கே ஒன்றே ஒன்று, அதுவும் வழி தெரியாமல் வந்தது போல. அப்பா கம்பத்தைக் காட்டினார், குழாயைக் காட்டினார், மறுபடி கம்பத்தைக் காட்டினார்.

மேனேஜரின் முகம் வெளுத்துவிட்டது. "தப்பு நடந்து போச்சுங்க. நான் ஒரு லெட்டர் எழுதித் தரேன். நீங்க திரும்ப வரணும். என்ன வேணும் சொல்லுங்க, செய்யறேன்."

"லெட்டர் எழுதுங்க. அந்த ஒரு வார்த்தையை எடுத்துட்டு எழுதுங்க. அப்புறம், ஆட்டம் இல்லாத நாள்ல இந்த லைட்டை எரிய விடாதீங்க. எரிஞ்சே ஆகணும்னா மஞ்சளாப் போடுங்க. மத்ததை நான் வந்து பார்த்துக்கறேன்." வாளியைக் கவிழ்த்து வைத்தார். "முதல்ல அந்த ஏழாம் நம்பர் பையன் எங்க இருக்கான்னு சொல்லுங்க."

பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது அவன்தான். கூப்பிட்டதும் வந்தான். வலது காலை லேசாக இழுத்து நடந்தான். நுரைக்கு நடுவே திணறிக்கொண்டிருந்த பூச்சிகளையும், உரிந்து கிடந்த புல்லையும் பார்த்தான். யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டான். முழங்காலை மடக்க முடியாமல் ஒரு கையை ஊன்றி அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஐயா, நான் ஒருநாளும் உங்களைச் சொன்னதில்ல. யார்கிட்டயும் சொன்னதில்ல."

"நீ சொல்லலப்பா," என்றார் அப்பா. "நான்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். நாலு வருஷமா, தினமும் காலையில."

அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். சோப்பும் மண்ணுமாக இருந்த கை. அப்பாவின் தோள் குலுங்கியது. அவள் வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஒரு விஷயம் எல்லாரும் மறந்துடறீங்க. முதல் வாளியைக் கவுத்தது நான்," என்றார். அப்பா அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டார். "ஆமாம்ப்பா. எங்க மாப்பிள்ளைதான் கண்டுபிடிச்சாரு," என்று ஏழாம் நம்பரிடம் ரொம்பப் பெருமையாகச் சொன்னார்.

அதன் பிறகு வாரத்தில் நாலு நாள் அப்பா மைதானத்தில்தான். சோப்புத் தண்ணீர் ஊற்றி வாளி வாளியாகப் பூச்சியைப் பொறுக்கினார்கள். உரிந்த இடங்களில் புது வேர்த்துண்டு நட்டார்கள். அதற்கு வேர் போனது அவள் வீட்டு வாசல் புல்லிலிருந்து. அதே சாக்குப் பையில்தான் போனது. உருளை போட்டு அமுக்கினார்கள். வீட்டுத் தூணில் இப்போது மஞ்சள் பல்பு. புது லெட்டர் வந்த அன்று அப்பா பழைய காகிதத்தைச் சவரப் பெட்டியிலிருந்து எடுத்து, முகத்துச் சவர நுரையை அதில் வழித்துத் துடைத்து எறிந்தார்.

சலவை நிலையத்தில் மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. வெறும் பேச்சு வேண்டாம், கையில் ஒன்று வரட்டும் என்று காத்திருந்தாள்.

ஐந்து மாதம் கழித்து வந்தது. மைதானத்து மூட்டையைப் பிரித்த இஸ்திரி அக்கா அங்கிருந்தே கத்தினாள்: "டாக்டர், இங்க வந்து பாரு! இந்த வாரம் என்னத்துல உருண்டானுங்களோ தெரியல. மண்ணுன்னா அலசினாலே போயிடும். இது அத்தனையும் பச்சை. நீ எப்படி எடுக்கப் போற?"

அவள் ஒரு கால்சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முட்டியில் அழுத்தமான பச்சை. மண் ஒரு துளிகூட இல்லை. மெஷின்களின் சத்தத்தை மீறி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அக்கா, நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல ஒரு சோம்பேறிக் கிழவன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? அது எங்கப்பா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நான்தான் சொல்லல. இது எங்கப்பா வளர்த்த புல்லு. இப்படித்தான் ஒட்டும், லேசுல போகாது."

அக்கா கையில் இருந்த இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அடியே, எனக்குத் தெரியாதேடி..." என்று பக்கத்தில் வந்தாள்.

"பரவாயில்லக்கா. இனிமே தெரிஞ்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் அந்த மூட்டையைத் தன் தொட்டி பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு அதில் ஒரு துணியைக்கூட வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.